முந்நூற்று நாற்பது மில்லிசெகண்ட்

மஹபூலாவில் ஐந்தாவது மாடி.
ஆறு கட்டில், ஒரு ரவுட்டர்.
ஃப்ரிஜ்ஜின் தலையில் அது உட்கார்ந்திருக்கும்,
சுற்றிலும் அமலதாஸின் ஊறுகாய் பாட்டில்கள் காவல்.

ராத்திரி பதினொன்றரை.
லேப்டாப்பை மடியில் வைத்துச் சுடுகிறேன்.
எதிரி விழவில்லை.
நான்தான் விழுந்து கிடக்கிறேன்,
சுவருக்குப் பின்னால் பத்திரமாக ஒளிந்த பிறகு.

"செத்த இடத்துல நீ இல்லவே இல்லடா!"
பெரம்பூரிலிருந்து ஹெட்செட்டுக்குள் சிரிக்கிறான்
'கருவாடு ஏழு' என்று பெயர் வைத்துக்கொண்ட பையன்.
முகம் பார்த்ததில்லை.
அவன் சொல்வது சரிதான்.
என் விரல் அழுத்தியது கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்து
பதில் வருவதற்குள்
முந்நூற்று நாற்பது மில்லிசெகண்ட்.
அதற்குள் எவனோ என்னைக் கொன்று
என் துப்பாக்கியையும் தூக்கிக்கொண்டு போயிருப்பான்.

முதலில் ஊறுகாயை இறக்கினேன்.
அமலதாஸ் மூன்று நாள் பேசவில்லை. முந்நூற்றுப் பத்து.
ரவுட்டரைச் செருப்பு ஸ்டாண்டின் மேல் வைத்தேன். இருநூற்றைம்பது.
மாஹின் பாய் குப்பூஸ் சூடாக்கும் நாற்பது வினாடியும்
மைக்ரோவேவோடு சேர்ந்து என் உலகம் நின்றுவிடும்
என்பதைக் கண்டுபிடித்தேன்.
"பாய், நடுராத்திரில சாப்பிடாதீங்க,
இந்த வயசுக்கு ஆகாது."
என் அக்கறையில் நெகிழ்ந்துபோனார்.

கட்டடம் முழுக்க முப்பத்தேழு வைஃபை.
பாதிக்கு மேல் ஆறாம் சேனலில்.
ஒரே குழாயடியில் அத்தனை குடம்.
ஐந்து கிகாஹெர்ட்ஸுக்கு மாறினேன்.
அங்கே வரிசையே இல்லை.
ஐம்பத்தெட்டு!
கருவாடு விசிலடித்தான்.

ஆனாலும்
நிமிடத்துக்கு ஒரு தடவை
திடீரென்று நானூறு.
ஒரு விக்கல்.
பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி ஐம்பத்தெட்டு.
வெள்ளிக்கிழமை முழுக்க அதன் எதிரில் உட்கார்ந்திருந்தேன்.
ஜும்ஆ முடிந்து பாய் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்தார்.
திருவேங்கடம் துணி துவைத்தான், உலர்த்தினான்,
காய்ந்து எடுத்து மடித்தும் வைத்துவிட்டான்.
விக்கல் நிற்கவில்லை.

கடைசியில் பிடிபட்டது.
லேப்டாப்தான்.
நல்ல சிக்னலில் முழுசாக இணைந்திருக்கும்போதே
நிமிடத்துக்கொரு முறை
கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு
வேறெங்காவது இதைவிட நல்லதாக ஒன்று கிடைக்குமா என்று
கட்டடம் பூராவும் எட்டிப் பார்த்துவிட்டு வருகிறது.

சத்தமாகவே சிரித்துவிட்டேன்.
பக்கத்துக் கட்டிலில் திருவேங்கடம்
கத்தார் கம்பெனி ஒன்றுக்கு பயோடேட்டா அனுப்பிக்கொண்டிருந்தான்.
அமலதாஸின் போலந்து ஏஜென்ட் இன்றைக்கும் போனை எடுக்கவில்லை.
பாய் பதினேழு வருஷமாக
அடுத்த வருஷம் விசா கேன்சல் பண்ணுகிறார்.
எனக்கும் ஒரு டேப் திறந்தே கிடக்கிறது:
கனடா, புள்ளிக் கணக்கு,
வயசு ஏற ஏறக் குறைகிற எண்.

டிரைவர் செட்டிங்கில், எவரும் போகாத ஆழத்தில்
ஒரு வரி.
ரோமிங் வேகம்: மிக அதிகம்.
மிகக் குறைவு என்று மாற்றினேன்.
பேட்டரியை மிச்சம் பிடிக்கிற கஞ்சத்தனத்தையும் நிறுத்தினேன்.
கனடாவை மூடினேன்,
ஆட்டம் முடிகிற வரைக்கும் மட்டும்.

நாற்பத்தொன்று.
ஒரு நிமிடம் போனது. நாற்பத்தொன்று.
இன்னொரு நிமிடம்.
ஏசி சொட்டுகிற சத்தம்கூடக் கேட்டது.
நாற்பத்தொன்று.

கருவாடு கத்தினான்: "வாடா, இப்ப காட்டு!"
கதவைத் தாண்டி ஓடினேன்.
முதல் ஆளாகச் செத்தேன்.
குறை சொல்ல ரவுட்டர் இல்லை, ஊறுகாய் இல்லை,
குப்பூஸும் இல்லை.
செத்த இடத்தில் நான் இருந்தேன்.

இருட்டில் பாய் பசியோடு புரண்டு படுத்தார்.
இனி அவர் எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம்,
மைக்ரோவேவ் இந்த அலைவரிசையைத் தொடாது.
சொல்லணும்.
காலையில் சொல்லலாம்.